மள்ளி மேடம்

எங்கள் வங்கிக் கிளையைச் சேர்ந்த கிராமங்களில் அவளுடைய பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. மள்ளி மேடம் என்றால் தெரியும். தெலுங்கில் 'மள்ளி' என்றால் மறுபடியும். யார் என்ன சொன்னாலும் அவள் "மள்ளி செப்பண்டி" என்பாள், மறுபடி சொல்லுங்க என்று. அவள் காதில் ஒரு குறையும் இல்லை. பேருந்தின் கடைசி இருக்கையில் உட்கார்ந்து நான் போனில் அம்மாவிடம் முணுமுணுத்தது, நடுவில் உட்கார்ந்திருந்தவளுக்குக் கேட்டிருக்கிறது.

மெட்டுகுடாவில் எங்கள் வீட்டில் அம்மா மட்டும் அதைப் பூப்பெயர் என்று நினைத்துக்கொண்டு, "மல்லி இன்னிக்கி வந்துச்சா?" என்று விசாரிப்பாள். நான் திருத்தவில்லை. திருத்தினால் அவளைப் பற்றி இன்னும் கொஞ்ச நேரம் பேச வேண்டியிருக்கும்.

நாங்கள் இருவரும் ஒரே நாளில் அந்தக் கிராம வங்கியில் அதிகாரிகளாகச் சேர்ந்தோம். செகந்திராபாத்திலிருந்து ஒன்றரை மணி நேரப் பேருந்து. அவள் திருமுல்கேரியிலிருந்து வந்து செகந்திராபாத்தில் ஏறுவாள். நான் மெட்டுகுடாவில் ஏறும்போது பக்கத்து இருக்கையில் துப்பட்டாவைப் போட்டு எனக்கு இடம் பிடித்து வைத்திருப்பாள். அதற்கு நன்றி சொல்வது எனக்குப் பிடிக்காது. ஆனால் உட்கார்ந்துகொள்வேன்.

கிளையில் நெல்லுக்கும் மாட்டுக்கும் கடன் கொடுப்பதில் பழைய ஆட்கள் தேர்ந்தவர்கள். மீன் வளர்ப்புக் கடன் புதிதாக வந்திருந்தது. குட்டைக் கரையில் சேற்றில் நடக்க யாரும் தயாராக இல்லாததால் மேனேஜர் அந்தக் கோப்புகளை எங்கள் இருவருக்கும் பிரித்துக் கொடுத்தார். குட்டையைப் போய்ப் பார்ப்பது, நீர்ப் பரப்பை எழுதுவது, குஞ்சுக்கும் தீவனத்துக்கும் எவ்வளவு தேவை என்று அறிக்கை கொடுப்பது. எல்லாம் எனக்கு மனப்பாடம். பயிற்சித் தேர்வில் நான்தான் முதல். அவள் எனக்குப் பின்னால் பதினெட்டாவதோ என்னவோ.

ஆனாலும் கிராமத்தில் நான் இறங்கினால் "அந்த மேடம் வரலியா?" என்றுதான் கேட்பார்கள்.

அவளைப் பார்த்தால் அதிகாரி என்று தோன்றாது. குர்த்தாவின் இடது கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு நீரில் கையை விட்டு, எத்தனை ஆழத்தில் விரல்கள் மறைகின்றன என்று பார்ப்பாள். பச்சை நீரில் விரல் சீக்கிரம் மறைந்தால் மீனுக்குச் சாப்பாடு இருக்கிறது என்று யாரோ சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அந்தக் கை எப்போதும் ஈரமாக இருக்கும். திரும்பி வரும் பேருந்தில் என் பக்கம் அந்தக் கைதான் வரும். பாசி நாற்றத்தோடு தூங்கிவிடுவாள்.

நான் பிறந்த வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் கலாசி. கையெழுத்து மட்டும் போடுவார். எட்டு வயதிலிருந்து எங்கள் சந்தில் எல்லோருடைய விண்ணப்பங்களையும் நான்தான் நிரப்பினேன். ரேஷன் கார்டு, பி.எஃப்., மருத்துவமனைச் சீட்டு. என்னைச் சுற்றி நின்று என் பேனாவையே பார்ப்பார்கள். அப்போது ஒரு கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாவிட்டாலும் தெரியவில்லை என்று சொல்ல முடியாது. அம்மா சொல்லியே இருந்தாள்: "தெர்லன்னு வெளிய சொல்லாதடி. படிச்ச பொண்ணுக்கே தெர்லியான்னு சிரிப்பாங்க." பள்ளியிலும் கல்லூரியிலும் நான் ஒருமுறைகூடக் கையைத் தூக்கிச் சந்தேகம் கேட்டதில்லை. வீட்டுக்கு வந்து தேடுவேன். கிடைக்கும்வரை தேடுவேன்.

அவள் கையைத் தூக்குவாள். நகரத்தில் மண்டல அலுவலகக் கூட்டம் ஒன்றில் பெரிய அதிகாரி ஒருவர் மீன் கடனைப் பற்றிப் பேசும்போது மூன்றெழுத்துச் சுருக்கம் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார். ஐம்பது பேரும் தலையாட்டினோம். அவள் எழுந்து, "சார், அது புரியல. இன்னொரு தடவ சொல்றீங்களா?" என்று இங்கிலீஷில் கேட்டாள். அதிகாரி சொல்ல ஆரம்பித்து, நடுவில் நின்று, பின்னால் இருந்தவரைப் பார்த்தார். அவர் இன்னொருவரைப் பார்த்தார். கடைசியில் மூன்று எழுத்தும் என்னவென்று மேடையில் ஒருவருக்கும் தெரியவில்லை. எல்லோரும் சிரித்தார்கள், அதிகாரியும் சிரித்தார். தேநீர் இடைவேளையில் அவளிடம் வந்து பெயர் கேட்டுக்கொண்டு போனார். அதே சுருக்கத்தை முந்தின வாரம் சுற்றறிக்கையில் பார்த்துவிட்டு இரண்டு நாள் தேடிக் கண்டுபிடித்து வைத்திருந்தவள் நான். எழுந்து சொல்லியிருக்கலாம். யாரும் என்னைக் கேட்கவில்லையே.

கிராமத்தில் இந்தப் பழக்கம் வேறு மாதிரி வேலை செய்தது. கொர்ரமீன் வளர்க்கும் பெரியவர் ஒருவர், நம் ஊரில் விரால் என்போமே அதுதான், அவளிடம் தன் குட்டையைப் பற்றிப் பெருமையாகச் சொன்னார். எல்லாப் பேச்சும் தெலுங்கில்தான், நான் தமிழில் எழுதுகிறேன். "போன வருஷம் நல்ல விளைச்சல், மேடம்." மள்ளி செப்பண்டி. "பரவால்லாத விளைச்சல்." மள்ளி செப்பண்டி. பெரியவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒரு விடியக்காலைல பாதிக்கு மேல செத்து மெதந்துது தாயி. வீட்டுல கூடச் சொல்லல." அவள் அவருக்குப் பக்கத்தில் கரையில் உட்கார்ந்துவிட்டாள். அவருக்குக் கடன் கொடுத்தோம், ஆனால் முதலில் குட்டையைத் தூர் வாருவதற்கு.

"முதல் தடவ சொல்றது பேங்க்குக்கு," என்றாள் என்னிடம் பேருந்தில். "ரெண்டாவது தடவ சொல்றதுதான் நமக்கு."

"எனக்கு முதல் தடவயே புரிஞ்சிடும்," என்றேன்.

"ஹவ், ஆமா, நீ டாப்பர்." கிண்டலே இல்லாமல் சொன்னாள். அதுதான் தாங்க முடியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை திருமுல்கேரியில் அவள் வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். அவளுடைய அப்பா மத்திய அரசின் பாதுகாப்புத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கூடத்துச் சுவரில் தரையிலிருந்து கூரைவரை புத்தகங்கள். எனக்குச் சாம்பாரை ஊற்றியபடியே, "உங்க அப்பா என்ன பண்றார்மா?" என்றார்.

"ஒர்க்‌ஷாப்ல கலாசி, அங்கிள்."

"கலாசின்னா என்ன வேலை? எனக்கு நிஜமாவே தெரியாது. சொல்லேன்."

காது சூடாகிவிட்டது எனக்கு. தூக்குவது, தள்ளுவது, சுமப்பது என்று எப்படிச் சொல்வது. "டெக்னிகல் ஒர்க்," என்றேன். "அப்படின்னா?" என்றார். அவள் அம்மா சமையலறையிலிருந்து, "யாரு, எதுக்கு, என்ன?" என்றாள். அந்த வீட்டில் எல்லோருமே அப்படித்தான். கேட்பது அவர்களுக்கு அவமானம் இல்லை. அவர்களுக்குத் தெரியாது என்பதால் யாரும் அவர்களைக் குறைவாக நினைத்ததே கிடையாது. மூன்று தலைமுறை படித்துவிட்டால் தெரியாது என்று சொல்வது ஒரு அழகாகிவிடுகிறது. பாயசம் வேண்டாம் என்று கிளம்பிவிட்டேன்.

பதிலுக்கு அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள், நான் கூப்பிடாமலே. நான் கடைக்குப் போய் வருவதற்குள் என் அம்மாவுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்து பச்சைப்பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள், அரக்கோணம் பக்கத்தில் தன்னை இரண்டாம் வகுப்பிலிருந்து நிறுத்தி ஆடு மேய்க்க அனுப்பியதை, பலகையை ஆட்டுப்பட்டியில் ஒளித்து வைத்ததை. "மறுபடி சொல்லுங்க ஆன்ட்டி, பலகைல என்ன எழுதுவீங்க?" என்றாள் இவள். அம்மா தரையில் விரலால் 'அ' போட்டுக் காட்டினாள். என் அம்மாவுக்கு ஒரு எழுத்து தெரியும் என்பது இருபத்தாறு வயதுவரை எனக்குத் தெரியாது.

அவள் போன பிறகு, "என்கிட்ட ஏம்மா சொல்லல?" என்றேன்.

"நீ எங்கடி கேட்ட?"

அன்று நான் இரவுச் சாப்பாடு சாப்பிடவில்லை. பட்டாணிக் குழம்பு.

இனிமேல் சொல்ல வேண்டியது எல்லம்மாவைப் பற்றி.

எல்லம்மா என் பங்கு கிராமத்தில் இருந்தவள். நாற்பது வயதுக்கு மேல், தனியாள், பள்ளிக்கூடம் போகாதவள். சித்திரை வெயிலில் அவளுடைய இடத்தைப் பார்க்கப் போனேன். ஒரு குட்டை, நீர் வற்றி நடுவில் கொஞ்சம் மட்டும். கரையில் நின்று அவள் வேகமாக ஏதேதோ சொன்னாள். பாதிதான் பிடிபட்டது. நகரத்துத் தெலுங்கு எனக்குத் தண்ணீர் பட்ட பாடு, அவளுடையது வேறு தெலுங்கு. நான் தலையாட்டிக்கொண்டே என் நோட்டில் குறித்துக்கொண்டேன்.

என் களக் குறிப்புகளைத் தமிழில் எழுதுவேன். ரயில்வே காலனியில் ஞாயிறுதோறும் நடந்த தமிழ் வகுப்பில் கற்ற எழுத்து. கிளையில் வேறு யாருக்கும் படிக்க வராது. மள்ளி மேடத்துக்கும் வராது, தமிழ் பேசுவாள், எழுத்து தெரியாது. எனக்கு மட்டும் சொந்தமாக ஒரு பொருள் அந்தக் கிளையில் இருந்தது என்றால் அது அந்த நோட்டு.

எல்லம்மாவின் பக்கத்தில் '2 குண்ட்டா' என்று எழுதியிருந்தேன். நான்கு நாள் கழித்து ஏழு அறிக்கைகளை ஒன்றாக உட்கார்ந்து தயாரித்தேன். தெலுங்கில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. குதிரையில் வரும் 'கு'வைப் போட்டால் அது குட்டை. குண்டு என்று சொல்லும்போது வரும் 'கு'வைப் போட்டால் அது நிலத்தின் அளவு, ஒரு ஏக்கரில் நாற்பதில் ஒரு பங்கு. தெலுங்கில் இரண்டுக்கும் வேறு வேறு எழுத்து. தமிழில் ஒரே எழுத்து. நான் பார்த்த நீர் கொஞ்சம்தானே, அதனால் இரண்டு பங்கு நிலம் என்று படித்து அப்படியே அறிக்கையில் எழுதினேன். பத்துப் பங்குக்குக் குறைந்தால் வியாபார மீன் வளர்ப்புக்குக் கடன் கிடையாது என்பது எங்கள் கிளையின் வழக்கம். விண்ணப்பம் திரும்பிப் போனது.

மழை தொடங்கிக் குட்டைகள் நிரம்பிய பிறகு எல்லம்மா கிளைக்கு வந்தாள். அந்தச் சில வாரங்களில்தான் மீன் குஞ்சு கிடைக்கும். அப்போது குட்டையில் விட்டால்தான் அடுத்த ஆண்டு ஜூனில் வரும் மிருகசீரிட கார்த்தெ நாளுக்கு விற்க முடியும். அன்றைக்கு ஹைதராபாத்தே மீன் தின்னும், சொன்னதுதான் விலை. அது தவறினால் அவளுக்கு முழுதாக ஒரு வருடம் போய்விடும். மேனேஜர் என்னைக் கூப்பிடுவதற்குள் எல்லம்மா பக்கத்து மேஜையில் போய் நின்றுவிட்டாள். மள்ளி மேடத்தின் மேஜை.

"ரெண்டு இருக்குன்னு சொன்னேன். சின்னதுன்னு எழுதிட்டாங்க."

"மள்ளி செப்பக்கா. ரெண்டு என்ன?"

எல்லம்மா சொன்னாள். அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டே இவள் இரண்டு விதமாகவும் திருப்பிச் சொல்லிக் கேட்டாள், எது அக்கா, இதுவா, இதுவா என்று. "இது," என்றாள் எல்லம்மா. குட்டை. இரண்டு குட்டை. இன்னொன்று சோளக்காட்டுக்குப் பின்னால்.

மேனேஜர் எழுந்து வந்தார். அவள் என் பக்கம் திரும்பி, "உன் நோட்ல என்ன இருக்கு? எனக்குப் படிக்க வராது, படிச்சுக் காட்டேன்," என்றாள்.

நோட்டைத் திறந்தேன். அந்தச் சொல்லைப் பார்த்த மறுகணமே எனக்குத் தெரிந்துவிட்டது. வாயால் எந்த ஒலியைச் சொல்கிறேனோ அதுதான் அங்கே எழுதியிருக்கும். சாட்சிக்கு யாரும் இல்லை.

"ரெண்டு குண்ட்டா," என்றேன், குண்டின் 'கு'வைப் போட்டு. "அவங்க சொன்னதத்தான் எழுதினேன்."

எல்லம்மா என்னையே பார்த்தாள். பிறகு மேனேஜரிடம் திரும்பி, "நான்தான் தப்பாச் சொல்லிட்டேன் போல சார். படிக்காதவ. நாக்கு சரியாத் திரும்பாது," என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். படித்தவர்கள் முன்னால் என் அம்மா சிரிக்கும் அதே சிரிப்பு.

நான் நோட்டை மூடினேன்.

"நான் போய் அளந்துட்டு வரேன் சார்," என்றாள் மள்ளி மேடம். என்னிடம், "வரியா?" என்றாள். வேலை இருக்கிறது என்றேன். மறுநாள் டேப்போடு தனியாகப் போய் இடுப்புவரை நனைந்து திரும்பினாள். இரண்டு குட்டைகள், ஒன்று பதினான்கு பங்கு, இன்னொன்று பன்னிரண்டு. திருத்தத்துக்குக் காரணம் என்ற இடத்தில், முதல் பார்வையின்போது இரண்டாவது குட்டை பயிருக்குப் பின்னால் மறைந்திருந்தது என்று எழுதினாள். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. என்னைக் காப்பாற்றுவதையும் பொய் சொல்லாமல் செய்யத் தெரிந்தவள் மேல் பொறாமைப்படாமல் என்ன செய்வது? கடன் கிடைத்தது. குஞ்சும் நேரத்துக்கு விட்டார்கள். எல்லம்மா ஊர் முழுக்க மள்ளி மேடம் புகழ் பாடினாள்.

அந்த வாரம் பேருந்தில் அவள் கேட்டாள்: "தமிழ்ல ரெண்டு கு-வும் ஒரே லெட்டரா?"

"ஆமா."

"அப்ப எதுன்னு எப்படித் தெரியும்?"

"தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்."

பேருந்து உப்பலைத் தாண்டியது. பிறகு, சன்னலைப் பார்த்தபடி, "எல்லம்மாகிட்ட சொல்லிடு," என்றாள்.

நன்றாகக் கேட்டது. ஆனாலும், "என்ன சொன்ன? மறுபடி சொல்லு," என்றேன். என் வாழ்க்கையில் முதல் தடவையாக அப்படிக் கேட்டேன், அதுவும் தெரியாமல் கேட்கவில்லை.

அவள் மறுபடி சொல்லவில்லை.

குளிர் தொடங்கியபோது வேறொரு தேர்வில் தேறி, வேலையை விட்டுவிட்டுப் பெங்களூர் போனாள். நான் போர்டு பரீட்சை மாதிரிப் படித்து வாங்கிய வேலை, எங்கள் சந்தே லட்டு தின்ற வேலை. அவள் ஒரு கைப்பையை மறந்து வைப்பது போல விட்டுவிட்டுப் போனாள். பிரிவு விழாவில் மேனேஜர் கண் கலங்கினார். நான் இரண்டு சமோசா சாப்பிட்டேன். எல்லாக் கிராமங்களும் எனக்கு வந்தன. பேருந்தில் இடம் பிடிக்கத்தான் ஆள் இல்லை.

இந்த ஜூன் மாதம், மிருகசீரிடத்துக்கு மூன்று நாள் முன்னால், எல்லம்மாவின் குட்டையில் வலை போட்டார்கள். நானும் போய்க் கரையில் நின்றேன். நீரைக் குறைக்க மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. வலை சுருங்கச் சுருங்க நீர் கொதிப்பது போல இருந்தது. எல்லம்மா என்னைப் பார்த்து எதையோ சொன்னாள். புரியவில்லை.

"மள்ளி செப்பக்கா," என்றேன். வாயிலிருந்து விழுந்துவிட்டது.

எல்லம்மா இடுப்பில் கையை வைத்துச் சிரித்தாள். "அந்த மேடம் கத்துக் குடுத்துச்சா?"

"இல்ல," என்றேன்.

அவள் காதருகில் கையை வைத்துக் காட்டினாள். மோட்டார் சத்தத்தில் கேட்கவில்லை. கரையோரமாக நடந்து போய் மோட்டாரை நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தாள். வலை இழுத்தவர்கள் கைகளை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மீன் துள்ளும் சத்தம் மட்டும்.

"இப்பச் சொல்லு."

"அவதான்க்கா கத்துக் குடுத்தா." அவள் பக்கம் ஒரு அடி நகர்ந்தேன். "இன்னொண்ணு. அன்னிக்கி பேங்க்ல உன் நாக்கு தப்பல. நீ சரியாத்தான் சொன்ன. நான்தான் தப்பாப் படிச்சேன். தெரிஞ்சும் சொல்லல."

எல்லம்மா சேற்றுக் கையைச் சேலையில் துடைத்தாள். வலைக்காரர்கள் பக்கம் ஒரு முறை பார்த்தாள், அவர்களுக்குக் கேட்கிறதா என்று. அவள் காதிலும் ஒரு குறையும் இல்லை. மோட்டாரும் நின்றிருந்தது.

"மள்ளி செப்பு," என்றாள்.